கணினியும் சுட்டுப்பெயரும்

திருக்கோவிலை அடுத்த வினாயகபுரத்திலோ, அக்கரைப்பற்றிலோ, கல்முனையிலோ ஒரு முதியவரை அணுகி, "ஐயா, தாங்கள் யார்?" என்று வினவினால், அவர் தம் பெயரை மட்டும் சொல்லி நிறுத்திக்கொள்வதில்லை. இன்னாருடைய மருமகன் என்பார். இன்னாருக்கு மச்சான் என்பார். அந்த இன்னார் யாவர் என்று மேலும் வினவினால், "என்னுடைய மாமனார்தாம்" என்று விடை வரும். வினா புறப்பட்ட இடத்துக்கே விடை திரும்பி வந்துவிடுகின்றது. கேட்டவரும் சிரித்து அமைவார். வட்டம் முடிந்தது என்பதை மனிதருக்கு எவரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை.

கணினிக்கு அத்தகைய உலகியலறிவு கிடையாது. "இவர் யாரென்று கேட்டு எழுதிக்கொள், இவர் குறிப்பிடும் ஒவ்வொருவரைப் பற்றியும் அவ்வாறே கேட்டு எழுதிக்கொள்" என்று அதற்குக் கட்டளையிட்டுவிட்டால், மருமகனிடமிருந்து மாமனுக்கும், மாமனிடமிருந்து மருமகனுக்குமாக அது ஓயாது அலையும், இடம் நிரம்பித் தடைப்பட்டு நிற்கும் வரையில் அலையும். இதனை வட்டச் சுட்டுச் சிக்கல் எனலாம். இச்சிக்கல் எவ்வாறு எழுகின்றது, அதனை அவிழ்க்க அறிஞர் கண்ட வழிகள் யாவை, அவ்வழிகளுள் ஒன்றைத் தேர்ந்தெடுப்பது ஒரு குடும்பத்தின் வீட்டையும் நிலத்தையுமே எவ்வாறு தொடக்கூடும் என்பனவே இங்கு ஆராயப்படும் செய்திகளாகும்.

முதலிற் கணினியின் நினைவகத்தை நோக்குவோம். அங்கே ஒரு மனிதரைப் பற்றிய பெயர், பிறந்த ஆண்டு, முகவரி முதலிய விவரங்கள் ஒரு தொகுதியாக வைக்கப்பட்டிருக்கும். அத்தொகுதியை நிரலாக்கத் துறையினர் 'பொருள்' என்பர். கணவன் ஒரு பொருள். மனைவி ஒரு பொருள். மகள் ஒரு பொருள். அவர்கள் வாழும் வீடும் ஒரு பொருளே. கணவனுக்குரிய தொகுதியில் 'மனைவி' என்னும் இடத்தில் மனைவியைப் பற்றிய விவரமெல்லாம் மறுபடியும் எழுதப்படுவதில்லை. அவளுக்குரிய தொகுதி நினைவகத்தில் எங்கே இருக்கின்றது என்பது மட்டும் அங்கே குறிக்கப்பட்டிருக்கும். அக்குறிப்பே சுட்டு. அது தெருமுனையில் நிற்கும் கைகாட்டி மரத்தைப் போன்றது. வினாயகபுரத்துக் கைகாட்டி கல்முனையைக் காட்டுவதும், கல்முனைக் கைகாட்டி வினாயகபுரத்தைக் காட்டுவதும் இயல்பே. அதுபோலக் கணவன் மனைவியைச் சுட்டுவதாலும் மனைவி கணவனைச் சுட்டுவதாலும் நினைவகத்தினுள் யாதொரு தீங்கும் நேர்வதில்லை.

தீங்கு நேர்வது அத்தரவுகளை வெளியே அனுப்பும்போதுதான். ஒரு கணினியிலுள்ள விவரங்களைக் கோப்பாகச் சேமித்து வைக்க வேண்டும், அல்லது கம்பிவழியே கொழும்பிலுள்ள மற்றொரு கணினிக்கு அனுப்ப வேண்டும் என்று கொள்க. நினைவகத்தின் இடக்குறிப்புகள் அவ்வக் கணினிக்கே உரியவை. வேறொரு கணினியில் அவற்றுக்குப் பொருளில்லை. மேலும், கோப்பும் கம்பியும் ஒன்றன்பின் ஒன்றாக எழுத்துகளை ஏற்பனவேயன்றி, நாலா புறமும் பிணைந்து கிடக்கும் ஓர் அமைப்பை அப்படியே ஏற்பனவல்ல. ஆதலின் பிணைந்து கிடப்பதைப் பிரித்து ஒரே தொடராக எழுத வேண்டும். இதுவே தொடராக்கம். வந்து சேர்ந்த தொடரைப் படித்து, உறுப்புறுப்பாகப் பகுத்து, மறுபடியும் பழைய பிணைப்பை உண்டாக்குவது பகுத்தறிதல்.

கரைவலை இழுக்கும் ஊரிலுள்ளோர்க்கு இதனை விளக்குவது எளிது. ஒரு வலையை முழுவதும் பிரித்து ஒற்றை நூலாக்கிச் சுருட்டி அயலூருக்கு அனுப்பி, அங்கே அதே வலையை மறுபடியும் பின்ன வேண்டுமென்றால், நூல் மட்டும் போய்ச் சேர்ந்தாற் போதுமோ? எந்த முடிச்சு எந்த இழையோடு கூடியது என்னும் செய்தியும் உடன் செல்ல வேண்டும். அச்செய்தி வழியில் தொலைந்துபோனால் கிடைப்பது நூற்சுருளே, வலையன்று.

இனி, முன்பின் ஆராயாது தொடராக்கம் செய்தால் நிகழ்வது யாதெனக் காண்போம். கணவனைப் பற்றி எழுதத் தொடங்கும் நிரல், 'மனைவி' என்னும் இடம் வந்ததும் அதனுள் மனைவியின் விவரத்தை எழுதப் புகும். அவ்விவரத்தில் 'கணவன்' என்னும் இடம் வரும். உடனே அதனுள் கணவனை எழுதப் புகும். எதிரெதிரே மாட்டிய இரண்டு நிலைக்கண்ணாடிகளில் உருவம் முடிவின்றித் தோன்றுவது போல எழுத்தும் முடிவின்றி நீளும். முடிக்காமல் விட்ட பணிகளைக் கணினி ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி வைத்துக்கொள்ளும். அந்த அடுக்கு நிரம்பியவுடன் நிரல் முறிந்து நிற்கும்.

இன்று உலகெங்கும் கணினிகள் தம்முட் செய்தி பரிமாறிக்கொள்ளப் பெரிதும் பயன்படும் எழுத்துமுறை ஜேசன் என்பது. 2001 ஆம் ஆண்டளவில் அதனை வகுத்துப் பரப்பியவர் அமெரிக்கரான டக்ளஸ் குரொக்ஃபர்ட். கற்பதற்கு எளிது, மனிதரும் படிக்கலாம், கணினியும் படிக்கலாம். ஆயினும் அது மர வடிவினது. வேரினின்று கிளை, கிளையினின்று இலை என்று கீழ்நோக்கிச் செல்லவே அதற்குத் தெரியும். இலையினின்று வேரைத் திரும்பிச் சுட்டுதற்கு அதில் எழுத்தே இல்லை. ஆகவே வட்டமுடைய பொருளை ஜேசனாக்குமாறு ஏவினால், ஜாவாஸ்கிரிப்ட், பைதன் ஆகிய நிரல்மொழிகள் வட்டம் இருப்பதைக் கண்டு, இஃது இயலாது என்று வெளிப்படையாக மறுத்துவிடுகின்றன.

மறுப்பதிலே ஒரு நேர்மை உண்டு. அதனினும் கொடியது ஓசையின்றி நிகழும் பிழை. ஒரு தாய்க்கு இரண்டு பிள்ளைகள். இருவர் விவரத்திலும் 'தாய்' என்னும் இடம் ஒருத்தியையே சுட்டுகின்றது. தாயின் விவரத்திலே பிள்ளைகளைப் பற்றிய சுட்டு இல்லையென்று கொள்க. அப்போது வட்டமில்லை, ஆதலின் ஜேசன் மறுப்பதுமில்லை. மூத்த பிள்ளையினுள் ஒரு தாயை எழுதும். இளைய பிள்ளையினுள் மற்றொரு தாயை எழுதும். அக்கரையில் அதனைப் பகுத்தறியும் கணினிக்கு ஒரே பெயரும் ஒரே வயதும் உடைய இரண்டு பெண்கள் கிடைக்கின்றனர். பின்னர் ஒருத்தியின் முகவரியைத் திருத்தினால் மற்றவளின் முகவரி பழையபடியே நிற்கும். ஒரு குடும்பம் இரண்டாக எண்ணப்படும். அல்லது உடன்பிறந்த இருவர் உடன்பிறவாதோர் போலத் தோன்றுவர். எச்சரிக்கை யாதும் எழாது.

இஃது ஏட்டளவிலான கற்பனைச் சிக்கலன்று. 2004 டிசம்பர் 26 ஆம் நாள் எழுந்த சுனாமியினால் இலங்கையில் முப்பதாயிரத்துக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். மாவட்டங்களுள் மிகுதியான உயிர்களை இழந்தது அம்பாறை மாவட்டமே. அங்கு மட்டும் இறந்தோர் பதினாயிரத்துக்கு மேற்பட்டவர். உயிர் தப்பியோர் பள்ளிக்கூடங்களிலும் கோயில்களிலும் பள்ளிவாசல்களிலும் சிதறித் தங்கினர். இறந்தவர் யார், காணாமற்போனவர் யார், எந்தப் பிள்ளை எந்த முகாமிலே என்று அறிய வேண்டிய தேவை ஒரே நாளில் எழுந்தது. அப்போது லங்கா மென்பொருள் மன்றத்தைச் சார்ந்த தொண்டர்கள் சில நாட்களுள் ஒரு மென்பொருளை ஆக்கினர். அதற்கு நிவாரணம் எனப் பொருள்படும் 'சஹனா' என்னும் சிங்களப் பெயரைச் சூட்டினர். காணாமற்போனோர் பதிவு, முகாம் பதிவு, உதவி நிறுவனப் பதிவு, தேவைப் பதிவு என்பன அதன் முதன்மைப் பகுதிகள். கட்டற்ற மென்பொருளாக வெளியிடப்பட்ட அது, 2005 இல் பாக்கிஸ்தான் நிலநடுக்கத்தின்போதும் 2010 இல் ஹெயிட்டி நிலநடுக்கத்தின்போதும் பயன்பட்டது. 2006 ஆம் ஆண்டுக்குரிய கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளையின் சமூகப் பயன் விருதையும் பெற்றது.

இத்தகைய பதிவேட்டில் மனிதரின் பெயர்களைவிட மனிதருக்கிடையேயுள்ள பிணைப்புகளே அரியவை. கல்முனைப் பகுதியில் இடிபாடுகளுக்கிடையே உயிரோடு எடுக்கப்பட்ட ஒரு கைக்குழந்தையின் வரலாற்றை உலகமே அந்நாளிற் கேட்டது. மருத்துவமனை ஏட்டில் அக்குழந்தைக்கு வரிசை இலக்கமொன்று வழங்கப்பட்டது. அவ்விலக்கமே சில வாரங்கள் அதற்குப் பெயராயிற்று. இலக்கம் இருந்தது, தாய் யார், தந்தை யார் என்று காட்டும் சுட்டு இல்லை. நீதிமன்றம் மரபணுச் சோதனைக்குக் கட்டளையிட்டு, 2005 பெப்ரவரியில் முடிவு வெளிவந்த பின்னரே குழந்தை பெற்றோரை அடைந்தது. அறுந்துபோன சுட்டை ஏட்டிலே தேடிப் பெற முடியாமல் உடலின் உயிரணுவிலே தேட வேண்டியதாயிற்று. அங்கே சுட்டை அறுத்தது கடல். நிரலெழுதுவோர் தம் வசதிக்காக அத்தகைய சுட்டுகளை அறுத்துவிடலாகாது.

அவ்வாறாயின், வட்டத்தை அறுக்காமலே தொடராக எழுதுவது எப்படி? இதற்கான விடை தமிழ் பேசும் ஒவ்வொருவர் வாயிலும் நாள்தோறும் வழங்குகின்றது. "கந்தன் வந்தான், அவன் தன் மனைவியை அழைத்தான், அவள் அவனுக்குச் சோறிட்டாள்" என்று ஒருவர் சொல்லும்போது, கந்தனின் பெயரும் ஊரும் குலமும் ஒவ்வொரு முறையும் திரும்ப உரைக்கப்படுவதில்லை. ஒருமுறை பெயர் கூறப்பட்டது. மறுமுறை 'அவன்' என்று சுட்டப்பட்டது. தமிழ் இலக்கணம் இதனைச் சுட்டுப்பெயர் என்கின்றது. கணவனும் மனைவியும் ஒருவரை ஒருவர் எத்தனை முறை சுட்டினும் கதை முடிவின்றி நீள்வதில்லை. கணினி அறிஞர் கண்ட வழியும் இதுவே: ஒருமுறை முழுமையாகச் சொல், அடுத்த முறை சுட்டு.

அவ்வழி செயற்படும் முறை வருமாறு. தொடராக்கும் நிரல் தன்னிடம் ஒரு சிறு பேரேட்டை வைத்துக்கொள்ளும். ஒரு பொருளை எழுதப் புகுமுன் அப்பொருள் பேரேட்டில் உளதா என்று பார்க்கும். இல்லையெனில் அதற்கு ஓர் இலக்கத்தை வழங்கிப் பேரேட்டிற் பதிந்து, பின்னர் அதன் விவரத்தை எழுதும். முன்னரே உளதெனில் விவரத்தை விடுத்து இலக்கத்தை மட்டும் எழுதும். கணவனுக்கு 1 என்னும் இலக்கம் வழங்கப்படுகின்றது. அவன் விவரத்தினுள் மனைவி வருகின்றாள். அவளுக்கு 2 என்னும் இலக்கம். அவள் விவரத்தினுள் மறுபடியும் கணவன் வரும்போது, நிரல் பேரேட்டைப் பார்த்து '1' என்று மட்டும் எழுதி அமைகின்றது. வட்டம் அழியவுமில்லை, எழுத்து நீளவுமில்லை. பேரேட்டிற் பொருளைத் தேடும்போது அதன் பெயரைக் கொண்டு தேடலாகாது. அது வேறன்றி அதே பொருள்தானா என்றே தேட வேண்டும். ஒரே பெயரும் ஒரே வயதும் உடைய இருவர் ஓர் ஊரில் இருத்தல் கூடுமன்றோ?

பகுத்தறியும் கணினியும் தன் பக்கத்தில் ஒரு பேரேட்டை வைத்துக்கொள்ளும். இங்கே ஒரு நுட்பம் கவனிக்கத் தக்கது. 1 என்னும் கணவனுடைய விவரம் முழுவதையும் படித்து முடித்த பின்னரே அவனைப் பேரேட்டிற் பதிவதென்று வைத்துக்கொண்டால், இடையிலே மனைவியின் விவரத்தில் '1' என்னும் சுட்டு வரும்போது பேரேட்டில் அவ்விலக்கம் இராது. நிரல் திகைத்து நிற்கும். ஆதலின் பொருள் தோன்றியவுடனே, அதன் விவரம் நிரம்புமுன்பே, வெறும் பொருளாகப் பதிந்துவிட வேண்டும். விவரங்கள் பின்னர் ஒவ்வொன்றாக நிரப்பப்படும். பிள்ளை பிறந்தவுடன் பிறப்பைப் பதிவது போன்றது இது. வளர்ந்து படித்துத் தொழில் கொண்ட பின்னரே பதிவேன் என்று எவரும் காத்திருப்பதில்லை. வட்டச் சுட்டுகளைப் பகுத்தறியும் நிரல்களிற் புதியோர் பெரும்பாலும் இடறி விழுவது இந்த ஓரிடத்திலேதான்.

இம்முறை நேற்றுத் தோன்றியதன்று. கணினிகளுக்கிடையே பொருள்களை அனுப்பும் முறையை ஆராய்ந்து ஹெர்லிஹி, பார்பரா லிஸ்கோவ் ஆகிய அறிஞர் 1982 இல் எழுதிய கட்டுரையிற் பகிரப்பட்ட பொருள்களும் வட்டப் பொருள்களும் பேசப்பட்டுள்ளன. 1997 இல் வெளிவந்த ஜாவாவின் 1.1 ஆம் பதிப்புப் பொருள்களை இலக்கமிட்டுத் தொடராக்கும் வசதியைத் தன்னகத்தே கொண்டிருந்தது. பைதன் மொழியின் பிக்கிள் என்னும் பகுதியும் இவ்வாறே பேரேடு வைத்துக்கொள்வது. லிஸ்ப் மொழியின் பொதுவகையில், ஒரு பொருளுக்கு முன் இலக்கம் இட்டு, பின்னர் அவ்விலக்கத்தாலேயே அதனைச் சுட்டும் எழுத்துமுறை உண்டு. யாமல் என்னும் எழுத்துமுறையில் முதற்கண் பொருளுக்கு ஓர் 'நங்கூரம்' இடப்படும். பின்னர் அந்நங்கூரத்தின் பெயராலே அது சுட்டப்படும்.

இவ்விடத்தில் ஒரு வினா எழும். பெயர் முன்னும் சுட்டுப் பின்னுமாகத்தான் வர வேண்டுமோ? சுட்டு முன்னே வந்து பெயர் பின்னே வரலாகாதோ? வியப்பு யாதெனில், இவ்வினாவைத் தொல்காப்பியரே எழுப்பி விடை கூறியிருக்கின்றார். சொல்லதிகாரத்தின் கிளவியாக்கத்தில், இயற்பெயரும் சுட்டுப்பெயரும் ஒருவரையே குறித்து வினைகொள்ளும்போது சுட்டுப்பெயரை முற்படக் கூறலாகாது, இயற்பெயரின் பின்னரே கூற வேண்டும் என்று விதிக்கின்றார். அடுத்த நூற்பாவிலே, செய்யுளில் அது முற்பட வருதலும் உண்டென்று விதிவிலக்கும் தருகின்றார்.

கணினி எழுத்துமுறைகளும் இவ்விரு வகையாகவே பிரிந்து நிற்கின்றன. யாமலில் நங்கூரம் முன்னரே இடப்படாத ஒன்றைச் சுட்டுதல் பிழை. அது உரைநடை விதி. 1998 இல் வகுக்கப்பட்ட எக்ஸ்எம்எல் என்னும் முறையில், இன்னும் எழுதப்படாத ஒன்றன் அடையாளத்தை முன்னரே சுட்டலாம். அது செய்யுள் விதி. செய்யுளைப் படிப்போர் கடைசி அடி வரையிற் பொறுத்திருந்து, 'அவன்' என்றது இன்னவனை என்று கொண்டுகூட்டிப் பொருள் கொள்வது போல, இத்தகைய தொடரைப் பகுத்தறியும் கணினியும் இரண்டு முறை நடக்க வேண்டும். முதல் நடையில் யார் யார் உளர் என்று பேரேட்டிற் பதியும். இரண்டாம் நடையில் அவர்களை ஒருவரோடொருவர் பிணைக்கும்.

குடும்ப வரலாறுகளைக் கணினியில் எழுதுவதற்கென்றே 1984 இல் அமெரிக்காவிலுள்ள மோர்மன் திருச்சபையினர் ஜெட்கொம் என்னும் எழுத்துமுறையை வகுத்தனர். வட்டச் சுட்டுக்கு அதனினும் தெளிவான எடுத்துக்காட்டு அரிது. அதிலே ஒருவரினுள் மற்றொருவர் எழுதப்படுவதில்லை. ஒவ்வொரு மனிதரும் தனித்தனியே இலக்கமிட்டு எழுதப்படுவர். ஒவ்வொரு குடும்பமும் தனியே இலக்கமிட்டு எழுதப்படும். மனிதரின் பதிவு தம் குடும்பத்தின் இலக்கத்தைச் சுட்டும். குடும்பத்தின் பதிவு கணவன், மனைவி, பிள்ளைகள் ஆகியோரின் இலக்கங்களைச் சுட்டும். வட்டம் எத்தனை வந்தாலும் அச்சமில்லை. ஏனெனில் எவரும் எவருக்குள்ளும் அடங்கியிருக்கவில்லை. எல்லாரும் ஒரே திண்ணையில் வரிசையாக அமர்ந்திருக்கின்றனர். உறவுகள் அவர்களுக்கிடையே நூல்களாக ஓடுகின்றன.

மற்றொரு வழியும் உண்டு. அது, சுட்டுகளுள் ஒன்றை வேண்டுமென்றே விட்டுவிடுவது. ஒரு நூலில் அதிகாரங்கள் உள்ளன. ஒவ்வோர் அதிகாரமும் தான் எந்நூலைச் சேர்ந்ததென்று திரும்பிச் சுட்டுகின்றது. அனுப்பும்போது அத்திரும்பும் சுட்டை விடுத்து, நூலினுள் அதிகாரங்களை மட்டும் எழுதலாம். பகுத்தறியும் கணினி அதிகாரங்களைப் படிக்கும்போதே அவற்றுக்கு நூலைச் சுட்டிக் கொடுத்துவிடும். விட்டதனை மீட்டும் பெற இயலுமாதலின் இங்கு இழப்பில்லை. நிரலெழுதுவோர் பெரிதும் கையாளும் எளிய வழி இதுவே.

ஆயின் இவ்வழியில் ஒரு மறைவான தீர்ப்பு அடங்கியிருக்கின்றது. சுட்டை அறுத்து வலையை மரமாக்குவோர், எது வேர், எது கிளை என்பதையும் தீர்மானிக்க வேண்டும். நூல் வேராவதிலும் அதிகாரம் கிளையாவதிலும் எவருக்கும் முரண்பாடில்லை. குடும்பத்தில் யார் வேர்? கிழக்குக் கரையோரத்திலே தமிழரிடத்தும் முஸ்லிம்களிடத்தும் குடி என்பது தாய்வழியாக வருவது. கோயிலில் வண்ணக்கரும் பள்ளிவாசலில் மரைக்காயரும் குடிகளின் சார்பிலே பொறுப்பேற்று வந்துள்ளனர். பெண்ணுக்கே வீடு சீதனமாக வழங்கப்படும். மணமகன் மனைவியின் இல்லத்துக்கு வந்து வாழ்வான். மாமன் மகளை மணக்கும் வழக்கினால், தாயோடு பிறந்த மாமனே மனைவியைப் பெற்ற மாமனுமாகின்றான். ஒருவனை இரண்டு வழியாகச் சென்று அடையலாம். அக்கரைப்பற்றில் நெடுங்காலம் கள ஆய்வு செய்த மானிடவியலறிஞர் டெனிஸ் மக்கில்வ்ரே 2008 இல் வெளியிட்ட நூலில் இவ்வமைப்பை விரித்துரைத்துள்ளார். இஃது ஒரு வலை; மரமன்று.

இவ்வலையின்மீது 'குடும்பத் தலைவர்' என்று ஒருவரை உச்சியில் எழுதி, மற்றையோரை அவர்கீழ்த் தொங்கவிடும் படிவம் ஒன்று வந்து விழுந்தால் நிகழ்வது யாது? சுனாமிக்குப் பின்னர்க் கட்டித் தரப்பட்ட வீடுகளின் உரிமை, கிழக்கில் பல இடங்களில், குடும்பத் தலைவரெனக் கொள்ளப்பட்ட கணவரின் பெயரிலேயே எழுதப்பட்டதனை ஆய்வாளரும் பெண்கள் அமைப்பினரும் எடுத்துக்காட்டியுள்ளனர். கடல் கொண்டுபோன வீடு மனைவியினுடையது. திரும்பக் கிடைத்த வீடோ கணவனுடைய பெயரிலே. இதற்குக் கணினி காரணமன்று. தாளிலே அச்சிட்ட படிவத்துக்கும் அதே பிழை இயலும். ஆயினும் பாடம் ஒன்றே. மனைவியினின்று வீட்டுக்குச் செல்லும் சுட்டுக்குப் படிவத்தில் இடமில்லையெனில், அவ்வுறவு பதிவாகாது. பதிவாகாத உறவு அடுத்த அலுவலகத்துக்குப் போய்ச் சேராது. இலக்கமிட்டு வரிசையாக எழுதும் முறையிலோ எவரையும் வேராக்க வேண்டிய கட்டாயமில்லை. தாய் 1, தந்தை 2, மகள் 3, வீடு 4 என்று எழுதி, வீட்டின் உரிமை 1 ஐச் சுட்டுகின்றது, குடியிருப்போர் 1, 2, 3 என்று எழுதிவிட்டால், உள்ளது உள்ளபடியே செல்லும்.

இனி இலக்கத்தைப் பற்றியும் சிறிது கூற வேண்டும். ஒரு தொடருக்குள் 1, 2, 3 என்று இட்ட இலக்கங்கள் அத்தொடருக்குள் மட்டுமே செல்லுபடியாகும். இரண்டு முகாம்கள் தத்தம் பட்டியல்களை அனுப்பினால், இரண்டிலும் '1' இருக்கும், இருவரும் வெவ்வேறானவர். இலங்கையில் 1972 முதல் வழங்கப்பட்டுவரும் தேசிய அடையாள அட்டையின் இலக்கம் நாடு முழுவதற்கும் பொதுவானது. 2016 முதல் அது பன்னிரண்டு எண்களாக அமைந்துள்ளது. ஆயினும் சிறு பிள்ளைகளுக்கு அவ்வட்டை இல்லை. அழிவின்போது முதலில் தேடப்படுவோர் அவர்களே. 2005 இல் அமெரிக்காவைத் தாக்கிய கத்ரீனா சூறாவளியின் பின்னர், காணாமற்போனோர் பட்டியல்களை ஒன்றோடொன்று இணைக்கவென ஓர் எழுத்துமுறை வகுக்கப்பட்டது. அதில் ஒவ்வொரு பதிவின் இலக்கத்துக்கு முன்னும் அதனை முதன்முதலில் எழுதிய நிலையத்தின் இணையப் பெயர் சேர்க்கப்படும். கல்முனையின் 1 உம் திருக்கோவிலின் 1 உம் குழம்பாதிருக்க ஊர்ப்பெயரை முன்னே இடுவது போன்ற வழி அது. ஒருவரைப் பற்றி இரண்டு பதிவுகள் நேர்ந்துவிட்டால், இரண்டும் ஒருவரே என்று சுட்டிக்காட்டும் குறிப்புக்கும் அதில் இடம் உண்டு. எந்தப் பதிவும் அழிக்கப்படுவதில்லை. சுட்டு ஒன்று கூட்டப்படுகின்றது.

பகுத்தறிவோர் கைக்கொள்ள வேண்டிய எச்சரிக்கைகளும் சில உள. வந்த தொடரில் 7 ஐச் சுட்டும் சுட்டு இருந்து, 7 என்னும் பொருள் இல்லாதிருக்கலாம். ஒரே இலக்கம் இருவருக்கு இடப்பட்டிருக்கலாம். இவற்றை மௌனமாக ஏற்றுக்கொள்ளாது, குறைபாடுண்டென்று அறிவிப்பதே நல்ல நிரலுக்கு அழகு. கணவன் பதிவு 2 ஐ மனைவியெனச் சுட்ட, 2 இன் பதிவோ வேறொருவரைக் கணவனெனச் சுட்டினால், பிழை எங்கோ புகுந்துள்ளது என்பது உடனே புலனாகும். இருபுறமும் சுட்டு எழுதுவது வீண் என்று கருதப்படினும், ஒன்றையொன்று சரிபார்க்கும் சான்றாக அது உதவுகின்றது. மற்றொன்று: தீய எண்ணத்தோடு ஆக்கப்பட்ட சிறு கோப்பில், ஒவ்வொரு படியும் தன் முந்திய படியைப் பத்து முறை சுட்டுமாறு அமைத்தால், ஒன்பது படிகளில் அது நூறு கோடியாக விரியும். சுட்டைச் சுட்டாகவே வைத்துக்கொள்ளாமல் விரித்தெழுதும் நிரல் அதனால் மூச்சடைத்துப் போகும். ஆதலின் அறியாத இடத்திலிருந்து வரும் தொடரைப் பகுக்குமுன் அளவுக்கு வரம்பு வைத்தல் வேண்டும்.

இவற்றையெல்லாம் விளங்கிக்கொள்ளக் கணினிதான் வேண்டுமென்பதில்லை. பள்ளி மாணவர் தம் இல்லத்திலே ஒரு தாளை எடுத்து, வீட்டிலுள்ளோர் ஒவ்வொருவரையும் ஒவ்வொரு வரியில் இலக்கமிட்டு எழுதட்டும். மாமன், மச்சாள், பெரியம்மா, வீடு, வளவு ஒன்றையும் விடவேண்டாம். ஒவ்வொரு வரியிலும் அவருக்கு உறவானோரின் இலக்கங்களை மட்டும் குறிக்கட்டும். பின்னர் அத்தாளை உறவறியாத ஒரு நண்பனிடம் கொடுத்து, அக்குடும்பத்தைக் கோடுகளால் வரைந்து காட்டுமாறு கேட்கட்டும். நண்பன் வரைந்த படம் வீட்டிலுள்ளபடியே இருந்தால் தொடராக்கமும் பகுத்தறிதலும் முறையாக நிகழ்ந்தன என்க. எங்கேனும் ஒரு கோடு விடுபட்டிருந்தால், அந்தக் கோட்டின் முனையிலே நிற்பவர் யாரென்று பார்க்கட்டும். அவர் பாட்டியாராக இருக்கலாம். தத்தெடுத்த பிள்ளையாக இருக்கலாம். ஏட்டிலே விடுபட்டவர் எவரோ, அவரைத் தேடிவரும் உதவியும் வழி தவறும். பொருள் ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர், உறவு ஒவ்வொன்றுக்கும் ஒரு சுட்டு என்னும் சிறிய விதியைக் கணினிக்குக் கற்பிப்போர் மறவாதிருத்தல் வேண்டும்.